வாசுகியின் வயிற்றுப் பூச்சி

என் தங்கை சுதா, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் குடித்தனம் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் டெலிபோனில் கூப்பிடுவது வழக்கம். ஊரில் மழை உண்டா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி, கத்தரிக்காய் என்ன விலை என்பவைதாம் எங்கள் பேச்சின் நிரந்தர அட்டவணை. சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறன்று இந்த அட்டவணையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்:

"அண்ணா, வாசுகி நாலு வாரமாய்ச் சரியாய்ச் சாப்பிடவில்லை. உள்ளே போனதும் இரண்டாம் நாள் வெளியே வந்துவிடுகிறது. இளைத்துத் துரும்பாய்ப் போய்விட்டாள். வயிற்றில் பூச்சியாய் இருக்கும் என்று இவர் சொல்லுகிறார். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நீங்கள் பூச்சி மாத்திரை கொடுக்கிறீர்களே, அதில் எத்தனை கொடுக்கலாம்?"

வாசுகி என்பது அவள் புக்ககத்துப் பெண் யாரோ என்று நான் நினைத்தேன். "குழந்தைக்கு வயது என்ன?" என்று கேட்டேன்.

"மூன்று. குழந்தையில்லை அண்ணா, மீனாவின் பாம்பு."

என் மருமகள் மீனாவுக்குப் பத்து வயது. ஊருக்கு வந்திருந்தபோது பாட்டி சொன்ன பாற்கடல் கதையை மறவாமல் தன் பாம்புக்கு வாசுகி என்று பெயரிட்டிருக்கிறாள். இந்தச் செய்தியை மூன்று வருஷ காலம் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் காத்துவந்த பெருமை என் தங்கையைச் சேர்ந்தது. சமீபத்தில் வாசுகிக்குத் துணையாக ஆதிசேஷன் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. சுருக்கமாக ஆதி.

நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பாம்பு வளர்க்கும் ஆசையை உங்களுக்கு ஊட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த ஒரு டெலிபோன் பேச்சிலிருந்து, வாயில்லாப் பிராணிக்கு மருந்து கொடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை நான் கற்றுக்கொண்டேன். வீட்டில் நாயோ பூனையோ கோழியோ வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பாடம் பயன்படும்.

முதலில் வாசுகியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜாதிக்கு அமெரிக்காவில் 'பால் பைதான்' என்று பெயர். இதைக் கேட்டதும் என் தாயார், "அதற்கும் பால் வார்க்கிறார்களா?" என்று கேட்டாள். இந்தப் 'பால்' பசுவின் பால் அல்ல. பந்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பயம் வந்தால் இது பெரும்பாலும் சீறாது, கடிக்காது. தலையை நடுவில் வைத்துக்கொண்டு உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும். விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். இதன் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளிலிருந்து பல வருஷங்களாகக் கப்பலேறுகிறது. அமெரிக்காவிலேயே கூண்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தவையும் ஏராளமாய் விற்பனைக்கு உண்டு. வாசுகி இப்படிக் கூண்டில் பிறந்தவள். ஆதியோ மார்ச்சு மாதத்தில் ஒரு பிராணிச் சந்தையில் மலிவாய்க் கிடைத்தவன். ஆப்பிரிக்கக் காட்டில் பிடிபட்டு வந்தவன். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தங்கை கேட்ட கேள்விக்கு வருவோம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாள் வருகிறதல்லவா? 2015-ஆம் வருஷத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டஸோல் என்னும் மாத்திரையைப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறோம். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. எங்கள் கண்ணெதிரிலேயே மென்று விழுங்க வேண்டும் என்பது விதி. "ஸார், கசக்குமா?" என்று கேட்கும் பையனுக்கு, "நாங்கள் படித்த காலத்தில் வேப்பங்கொழுந்து உருண்டையும் விளக்கெண்ணெயும் தின்றோம், இது கற்கண்டு" என்று நான் சொல்லுவதுண்டு. நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் இந்த மாத்திரை ஒரே அடியாய் வேலை செய்கிறது. லட்சோப லட்சம் குழந்தைகளிடம் பரீட்சை செய்து பார்த்து, அளவு நிர்ணயித்த மருந்து இது. ஆகையால் எடை பார்க்காமல், மலம் சோதிக்காமல் கொடுக்கிறோம்.

பாம்புக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மாப்பிள்ளை கடையிலிருந்து ஆட்டுக்குக் கொடுக்கும் புழு மருந்து ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தார். ஃபென்பெண்டஸோல் என்னும் அந்த மருந்து நல்ல மருந்துதான்; பாம்புகளுக்கும் மிருக வைத்தியர்கள் அதையே கொடுக்கிறார்கள். புட்டியின்மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னேன். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து என்று இருந்தது. "எவ்வளவு கொடுப்பதாக உத்தேசம்?" என்று கேட்டேன். "சின்னப் பாம்புதானே, ஒரு டீஸ்பூன் போதும்" என்றார்.

நான் கணக்கு வாத்தியார் இல்லை; விலங்கியலில் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளியில் இருபது வருஷமாக விஞ்ஞானம் போதிப்பவன். ஆனாலும் அன்று ஒரு கணக்குப் போட்டேன். ஆதியின் எடை 240 கிராம். பாம்புக்கு வைத்தியர்கள் வழக்கமாய்க் கொடுக்கும் அளவு, எடையில் கிலோ ஒன்றுக்கு 25 முதல் 50 மில்லிகிராம். அப்படியானால் ஆதிக்கு வேண்டியது 6 முதல் 12 மில்லிகிராம். அந்தப் புட்டியில் அது ஒரு துளிக்குச் சற்று மேலிருந்து இரண்டரைத் துளி வரை. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லிலிட்டர். அதில் 500 மில்லிகிராம் இருக்கிறது. உச்ச அளவுக்கும் நாற்பது மடங்குக்கு மேல்! மாப்பிள்ளை மௌனமாகிவிட்டார். புட்டி அலமாரிக்குள் போயிற்று.

"அதிகமாய்ப் போனால் புழு சீக்கிரம் சாகும், அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியல்ல. ஃபென்பெண்டஸோல் புழுவின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களைக் கட்டவொட்டாமல் தடுக்கிறது. அதனால் புழு சர்க்கரைச் சத்தை உறிஞ்ச முடியாமல் பட்டினியால் மாள்கிறது. அளவு மீறினால், வேகமாய்ப் பெருகுகிற உயிரணுக்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது கைவைக்கும். எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சவ்வும் பாதிக்கப்படும். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அளவுக்கு மிஞ்சி இம்மருந்து பெற்ற பாம்புகள் இறந்தது பதிவாகியிருக்கிறது. இவர்மெக்டின் என்று இன்னொரு பிரசித்தமான மருந்து உண்டு. மாட்டுக்கும் மனிதனுக்கும் அதனால் விளைந்த நன்மைக்காக 2015-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அதையே ஓர் ஆமைக்குக் கொடுத்தால் கைகால் விளங்காமல் ஆமை செத்துப்போகும். ஒருவனுக்கு அமிர்தமாயிருப்பது இன்னொருவனுக்கு நஞ்சு என்பது வெறும் பழமொழி அல்ல.

சரி, பாம்பின் வயிற்றில் என்னென்ன பூச்சிகள் குடியிருக்கின்றன? நமக்கு உள்ள உறவுக்காரர்கள் பெரும்பாலும் அவற்றுக்கும் உண்டு. உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு, நூல்போன்ற சின்னப் புழுக்கள் எல்லாம் உண்டு. அவற்றை இனம் பிரிப்பதைவிட, எந்த வழியாய் ஒரு பாம்பிலிருந்து இன்னொரு பாம்புக்குப் போகின்றன என்று பிரிப்பதே நமக்குப் பயன் தரும்.

சில புழுக்களுக்கு நடுவில் ஒரு தரகன் வேண்டும். பாம்பின் எச்சத்தில் வந்த முட்டையை ஓர் எலியோ தவளையோ நீரில் வாழும் சிற்றுயிரோ விழுங்க வேண்டும். அதனுள்ளே குஞ்சு வளர வேண்டும். பிறகு அந்தப் பிராணியைப் பாம்பு தின்ன வேண்டும். மலைப்பாம்பின் நாடாப்புழுவும் பெரிய உருளைப்புழுவும் இந்த ரகம். பண்ணையில் வளர்த்துப் பனிப்பெட்டியில் உறைய வைத்த சுண்டெலியையே தின்னும் வீட்டுப் பாம்பிடம் இவற்றின் ஜம்பம் சாயாது. தரகன் இல்லாததால் வியாபாரம் நின்றுவிடும்.

வேறு சிலவற்றுக்குத் தரகன் வேண்டியதில்லை. எச்சத்தில் வந்த முட்டை ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் தானே பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகி, தண்ணீரோடோ இரையோடோ மறுபடியும் வாய்க்குள் போய்விடும். சில இனங்கள் தோலைத் துளைத்தே உள்ளே போகும். பாம்பின் கொக்கிப்புழு இந்த இரண்டாம் ரகம். காட்டில் ஒரு பாம்பு தான் எச்சமிட்ட இடத்தை விட்டு நகர்ந்து போய்விடும். மறுபடி அங்கே வருவதற்குள் வெயிலும் காற்றும் அந்தக் குஞ்சுகளை உலர்த்திவிடும். பெட்டிக்குள் இருக்கும் பாம்பு எங்கே நகரும்? நாலடிக்கு இரண்டடிப் பெட்டி. அதற்குள் இதமான சூடு, குடிக்கத் தண்ணீர், படுக்க மரத்தூள். பாம்புக்கென்று நாம் செய்துவைத்த சௌகரியங்கள் எல்லாம் புழுவுக்கும் சௌகரியமே. காட்டில் பத்துப் புழுக்களோடு நூறாண்டுப் பகையில்லாமல் வாழ்ந்த பிராணி, பெட்டியில் தன் எச்சத்திலிருந்தே மீண்டும் மீண்டும் தொற்றிக்கொண்டு நூறு புழுக்களுக்கு இரையாகிறது.

ஆனால் பாம்பு சாப்பிடவில்லை என்றால் உடனே புழு என்று தீர்மானித்துவிடவும் கூடாது. இந்தப் பந்துப் பாம்பு உபவாசத்தில் மகா கெட்டி. நல்ல ஆரோக்கியத்தோடேயே மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். பெட்டியில் சூடு குறைந்தாலும் தின்னாது. தின்றாலும் ஜீரணிக்க முடியாமல் கக்கிவிடும். பாம்பின் வயிற்று அக்கினி அதன் உடலிலிருந்து வருவதன்று, வெளியிலிருந்து வருவது. பெட்டியின் ஒரு மூலையில் 31, 32 டிகிரி சென்டிகிரேடும், மறு மூலையில் 26 டிகிரியும் இருந்தால்தான் அது தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ள முடியும். அன்றியும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் இரைப்பையைத் தடிக்கச் செய்து, தின்றதையெல்லாம் கக்கவைக்கும்; புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது, நிச்சயமான பரிகாரமும் இதுவரை இல்லை. ஒரு வகை அமீபா ஆமையின் குடலில் சாதுவாக இருந்து, பாம்பின் குடலுக்குப் போனதும் யமனாகும். ஆகையால் ஆமையையும் பாம்பையும் ஒரே இடத்தில் வைப்பது பெரும் பிசகு. இவையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே மாதிரியாகவே தோன்றும். ஆகவே முதலில் வேண்டியது மருந்து அன்று, சோதனை.

மறுநாளே அவர்கள் ஊர்வன ஜந்துக்களைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் போனார்கள். புதிதாய் இட்ட எச்சத்தைச் சிறு டப்பியில் மூடி, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுவரும்படி அந்த அம்மையார் சொல்லியிருந்தார். (அந்த டப்பியைக் குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் கண்டபோது மாப்பிள்ளை போட்ட கூச்சலைச் சுதா எனக்கு அபிநயத்தோடு சொன்னாள்.) எச்சத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி நேரே பார்ப்பது ஒரு முறை. அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்கிச் சற்று நேரம் விட்டால் புழு முட்டைகள் லேசானவையாதலால் மேலே மிதக்கும்; அவற்றை எடுத்துப் பார்ப்பது இரண்டாம் முறை. முட்டை நீருக்குள் முழுகுகிறதா மிதக்கிறதா என்று கெட்ட முட்டையைக் கண்டுபிடிக்கும் நம் வீட்டுச் சோதனையின் தம்பி இது.

மைக்ராஸ்கோப்பில் வாசுகியின் எச்சத்தில் இரண்டு வித முட்டைகள் தெரிந்தன. ஒன்றைக் கண்டு வைத்தியர் அலட்டிக்கொள்ளவில்லை. அது சுண்டெலியின் கீரைப்பூச்சி முட்டை. எலியோடு உள்ளே போய், பாம்பின் குடலை வெறும் பிரயாணியாகக் கடந்து வெளியே வந்திருக்கிறது. இதைக் கண்டு மிரண்டு மருந்து கொடுப்பவர்கள் உண்டாம். இரண்டாவது முட்டை அப்படியல்ல; அது பாம்பின் கொக்கிப்புழு. ஆதியின் எச்சத்திலோ அது மண்டிக் கிடந்தது.

மூன்று வருஷமாய் உறைந்த எலியையே தின்று, வேறு பாம்பின் முகத்தையே பாராத வாசுகிக்கு இது எப்படி வந்தது என்பது இப்போது விளங்கிற்று. மீனா இருவரையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டியிருக்கிறாள். தண்ணீர்க் கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். ஆதி தனியாய்த் துன்பப்படக் கூடாது என்ற அன்பு! புதிதாய் வந்த பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், வேறு கிண்ணம், வேறு இடுக்கியோடு வைத்து, எச்சத்தை இரண்டு மூன்று தடவை சோதித்த பிறகே பழைய பாம்பின் அருகே கொண்டுவர வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். அதை அவர்களுக்கு விற்றவர் சொல்லவில்லை, வாங்கினவர்களும் கேட்கவில்லை.

சிகிச்சை எப்படி நடந்தது என்பதையும் சொல்லுகிறேன். இரண்டு பாம்புகளையும் சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் கிராம் கணக்கில் நிறுத்தார்கள். வாசுகி 1,200 கிராம். அவளுக்கு அன்றே மருந்தைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து, மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக இரைப்பைக்குள் விட்டார் வைத்தியர். பாம்பு இரை எடுக்கும் நிலையில் இருந்தால் செத்த எலிக்குள் மருந்தை ஊசியால் ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. ஆதிக்கு அன்று மருந்து கொடுக்கவில்லை. அவன் உடம்பில் நீர் வற்றி, தோல் மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கியிருந்தது. அப்படிப்பட்ட பிராணிக்கு முதலில் சூடும் நீரும் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்த பிறகே புழுவைத் துரத்த வேண்டும். இல்லாவிட்டால் புழுவோடு பாம்பும் போய்விடும் என்றார்.

மருந்து ஒரு தடவையோடு தீருவதில்லை. வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து முட்டையையும், சதைக்குள் ஒளிந்திருக்கும் குஞ்சையும் முழுவதும் கொல்லாது. அவை வளர்ந்து வரும் சமயம் பார்த்து, பதினான்கு நாள் கழித்து இரண்டாம் தடவை கொடுக்க வேண்டும். அதற்குப் பின் சில வாரம் விட்டு மறுபடி எச்சத்தைச் சோதிக்க வேண்டும். நாடாப்புழுவாயிருந்தால் பிராஸிக்வாண்டெல் என்ற வேறு மருந்து. ஃபென்பெண்டஸோலை மட்டும் நம்ப முடியாது.

இவை வைத்தியர் செய்த வேலை. வீட்டார் செய்ய வேண்டிய வேலை அதைவிடப் பெரியது. மரத்தூளையும் அலங்காரக் கட்டைகளையும் குப்பையில் போட்டார்கள். பெட்டியைக் கொதிநீரால் கழுவி உலர்த்தினார்கள். படுக்கைக்கு வெறும் செய்தித்தாள். எச்சமிட்ட அன்றே எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் தாள். தண்ணீர் தினந்தோறும் மாற்ற வேண்டும். முதலில் நலமாயுள்ள பாம்பைக் கவனித்து, நோயுள்ளதைக் கடைசியில் தொட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் மருந்து மட்டும் கொடுப்பது, ஓட்டைத் தோணியில் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டையை மூடாமல் இருப்பதற்குச் சமம்.

ஐந்தாம் நாள் இரவு ஆதி இறந்துபோயிற்று. வயிற்றைத் திறந்து பார்த்ததில் இரைப்பையிலும் குடலிலும் புழு கவ்விய புண்கள் நிறைய இருந்தனவாம். மீனா இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வாசுகிக்கு இரண்டாம் தவணை மருந்தும் ஆயிற்று. அக்டோபர் மாதம் ஒரு சிறிய எலியைத் தின்று, கக்காமல் வைத்துக்கொண்டாள். அன்று நடு இரவில் எங்கள் வீட்டு டெலிபோன் மணி அடித்தது. யாருக்கோ குழந்தை பிறந்த செய்தி போலச் சுதா அதைச் சொன்னாள்.

நேயர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: பாம்பின் புழு மனிதனுக்கு வருமா? பெரும்பாலும் வராது, ஒவ்வொரு புழுவும் தனக்கென்று ஒரு வீட்டைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் வழி தவறிய விருந்தாளியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த 64 வயது அம்மையார் ஒருவர், வயிற்றுவலி, இருமல், பின்னர் மறதி, மனச்சோர்வு என்று நெடுநாள் துன்பப்பட்டார். 2022 ஜூன் மாதம் கான்பெரா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரி பிரியா பாண்டி அவர் மூளையில் சத்திர சிகிச்சை செய்தபோது, எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள சிவந்த புழு ஒன்றை உயிரோடு வெளியே எடுத்தார். அது அந்நாட்டுக் கம்பள மலைப்பாம்பின் உருளைப்புழு. காட்டுப் பாம்புகள் நடமாடும் ஏரிக்கரையில் கீரை பறித்துச் சமைக்கும் வழக்கம் அந்த அம்மையாருக்கு உண்டு. எச்சம் பட்ட கீரையோடு முட்டை போயிருக்கும் என்பது வைத்தியர்களின் அனுமானம். உலகத்திலேயே மனிதரிடம் அப்புழு காணப்பட்டது அதுவே முதல் தடவை. அவருக்குப் பிறகு கொடுத்த மருந்துகளில் ஒன்று, நான் பள்ளியில் கொடுக்கும் அதே அல்பெண்டஸோல்! கீரையை நன்றாய்க் கழுவு என்று நம் பாட்டிமார் சொல்லுவதன் அருமை இப்போது தெரிகிறதல்லவா? பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகக் கூடாது. புழுவைவிட இதில் அதிகம் பயப்பட வேண்டியது ஸால்மொனெல்லா என்னும் குடற்கிருமிக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடவே கூடாது என்று அமெரிக்கச் சுகாதார இலாகா எச்சரிக்கிறது.

மனிதனுக்கு வராவிட்டாலும், காட்டுக்குப் போகும் ஆபத்து உண்டு. ஃப்ளோரிடா மாகாணத்துச் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிக் கிடக்கின்றன. செல்லமாய் வாங்கி, பெரிதானதும் விட்டுவிட்டவையும் தப்பியவையுமே அவற்றின் முன்னோர். 2012-இல் அப்பாம்பை இறக்குமதி செய்வதையே அமெரிக்க அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆனால் அதற்குள், ஆசியாவிலிருந்து அவற்றோடு கூடவே நுரையீரலில் வசிக்கும் ஒரு புழு வந்து இறங்கிவிட்டது. அது ஃப்ளோரிடாவின் சொந்தப் பாம்புகளையும் பற்றிக்கொண்டது என்று 2018-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். மலைப்பாம்பு போகாத இடங்களுக்கும் அந்தப் புழு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டின் அலட்சியம் ஒரு மாகாணத்தின் காட்டுக்கே நோயாகிறது.

நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. நான் அதை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் புற்றுக்குப் பால் வார்க்கும் நாமும் யோசிக்க வேண்டியது உண்டு. பாம்புக்குப் பால் ஆகாரம் அன்று. பிடாரன் தாகத்தில் தவிக்கவிட்ட நாகம் வேறு வழியின்றிக் குடிக்கும் பால் அதன் வயிற்றைக் கெடுக்கும். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 முதல் நடந்துவருகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் மருந்து தயாராவதற்கு வேண்டிய விஷத்தை அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். பிடித்த பாம்பைச் சில வாரமே மண்பானையில் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிறைவாசத்துக்கு ஒரு பிரயோஜனமும் உண்டு, ஒரு முடிவும் உண்டு.

ஆதி இறந்த வாரத்தில் மீனா என்னிடம் டெலிபோனில் கேட்டாள்: "மாமா, ஆதி அதன் காட்டிலேயே இருந்திருந்தால் செத்துப் போயிருக்காதோ?"

குழந்தைக்கு ஆறுதலாய் ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, இருபது வருஷம் உபாத்தியாயராய் இருந்துவிட்டு இப்போது பொய் சொல்லுவானேன் என்று தோன்றிற்று. "பிழைத்திருக்கக் கூடும், அம்மா" என்றேன். "காட்டிலும் அதற்குப் புழு இருந்திருக்கும். ஆனால் அங்கே அது அழுக்கை விட்டு நகர்ந்து போகும். பெட்டியில் அதனால் போக முடியாது. ஆகையால் அழுக்கைத்தான் நாம் நகர்த்த வேண்டும். பெட்டிக்குள் ஒரு பிராணியை வைத்தோமானால், அதுவரையில் காடு செய்துவந்த வேலையெல்லாம் நம்முடையதாகிவிடுகிறது."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமேல் காட்டிலிருந்து பிடித்த பாம்பு வேண்டாம்" என்றாள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். வாசுகி என்று தின்றாள், என்று எச்சமிட்டாள், என்று செய்தித்தாள் மாற்றியது, ஞாயிறுதோறும் எடை என்ன என்று நாலு பத்தி போட்டு எழுதுகிறாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் அட்டவணையில் அம்மாவின் முழங்காலுக்கு அடுத்தபடியாக அதுவும் சேர்ந்துவிட்டது. போன வாரக் கணக்கு 1,310 கிராம். அம்மாவே இப்போது, "அந்தப் பாம்பு சாப்பிட்டதா?" என்று முதலில் கேட்கிறாள்.